சாஃப்லி: தானமாக வந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தால்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நீதிபதியிடம் லா கிளார்க்காக இருப்பவருக்கு இந்தப் பழமொழி உதவாது. பல்லைப் பிடித்துப் பார்க்கத்தான் அவருக்குச் சம்பளம். தென்னாப்பிரிக்காவில் அந்த வேலையில் சேருகிறவர் முதல் நாளே திறக்கிற இணையதளம் சாஃப்லி. தெற்கு ஆப்பிரிக்கச் சட்டத் தகவல் நிறுவனம் என்பது முழுப்பெயர். காசு கேட்காது, பெயர் கேட்காது, கடவுச்சொல் கேட்காது; வழக்கின் எண்ணைத் தட்டினால் தீர்ப்பு முழுதாக வந்து நிற்கும். ஒரு தீர்ப்பைத் தேடிப் பிடிக்க இலவசமாக இதைவிட நல்ல இடம் இந்நாட்டில் இல்லை. பிடித்த தீர்ப்பை அப்படியே நம்பி நீதிபதியின் மேசைக்குக் குறிப்பு அனுப்பலாமா என்பது வேறு கேள்வி. கூடாது. ஏன் என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிளார்க் என்றதும் நம்மவர்களுக்கு வக்கீல் குமாஸ்தா நினைவுக்கு வருவார், கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடுகிறவர். இவர் அவரல்ல. ஜோகன்னஸ்பர்க்கின் பிராம்ஃபோன்டெய்ன் மேட்டில், காந்தி அடைபட்டிருந்த பழைய கோட்டைச் சிறை வளாகத்தில் அரசமைப்பு நீதிமன்றம் இருக்கிறது. 11 நீதிபதிகள். ஒவ்வொருவரிடமும் எல்.எல்.பி. முடித்தவர்கள் லா கிளார்க்காக ஓராண்டு இருப்பார்கள். மனுவைப் படிப்பது, பெரிய வழக்குக் கட்டைச் சில பக்கங்களில் சுருக்குவது, முன்தீர்ப்புகளைத் தேடுவது, நீதிபதியின் வரைவில் ஒவ்வொரு அடிக்குறிப்பையும் மூலத்தோடு ஒப்பிடுவது ஆகியவை அவர்கள் வேலை. டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றங்களில் இதே வேலையைச் செய்பவருக்கு லா ரிசர்ச்சர் என்று பெயர். நீதிபதியின் ரெஜிஸ்ட்ரார் வேறு ஆள். கோப்பு, தேதி, அமர்வுப் பட்டியல், தீர்ப்பை வெளியே அனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. டர்பனில் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜில் சட்டம் படித்துவிட்டு இந்த மூன்றில் ஒன்றுக்கு மனுப் போடுகிறவர்களை மனதில் வைத்தே இந்த மதிப்புரை.

சாஃப்லி 2002இல் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது; பின்னால் கேப் டவுன் பல்கலைக்கழகத்துக்குப் போனது. ஆஸ்திரேலியாவின் இலவசச் சட்டத் தளமான ஆஸ்ட்லியைப் பார்த்து அமைத்தது என்பதால் பக்கத்தின் தோற்றமும் அந்தக் காலத்தோடு நின்றுவிட்டது. வெள்ளைப் பின்னணி, நீல இணைப்புகள், வேறு அலங்காரம் கிடையாது. அதைக் குறையாகச் சொல்லத் தேவையில்லை. மின்வெட்டு நேரத்தில் கைபேசி டேட்டாவை வைத்துக்கொண்டு திறந்தாலும் பக்கம் வந்துவிடும். ஜூட்டா, லெக்சிஸ்நெக்சிஸ் போன்ற கட்டணத் தளங்களில் தீர்ப்பின் சாரத்தைச் சொல்லும் தலைக்குறிப்பு இருக்கும், அச்சுத் தொகுதியின் பக்க எண் இருக்கும், பின்னால் வந்த வழக்குகள் அந்தத் தீர்ப்பை என்ன செய்தன என்ற குறிப்பு இருக்கும். சாஃப்லியில் இந்த மூன்றும் கிடையாது. இங்கே இருப்பது நீதிபதி எழுதிக் கையெழுத்திட்ட வாசகம் மட்டும்.

தேடலில் இருந்து ஆரம்பிப்போம். மேற்கோள் எண் கையில் இருந்தால் தேடல் பெட்டிப் பக்கமே போக வேண்டாம். நீதிமன்றத்தின் பெயர், ஆண்டு, எண் என்ற வரிசையில் படியிறங்கினால் போதும். உதாரணத்துக்கு நமக்கு நெருக்கமான ஒரு வழக்கு: டர்பனில் ஒரு பள்ளி மாணவி மூக்குத்தி அணிந்து வந்தது பற்றியது. அதன் முழு மேற்கோள்: கல்வி அமைச்சர், குவாசூலு-நட்டால் எதிர் பிள்ளை, [2007] இசட்.ஏ.சி.சி. 21, 2008 (1) எஸ்.ஏ. 474 (சி.சி.), 2008 (2) பி.சி.எல்.ஆர். 99 (சி.சி.). இசட்.ஏ.சி.சி. என்பது அரசமைப்பு நீதிமன்றத் தீர்ப்பைக் குறிக்கும்; எஸ்.ஏ., பி.சி.எல்.ஆர். இரண்டும் அச்சுத் தொகுதி வரிசைகளின் சுருக்கப் பெயர்கள். சதுர அடைப்புக்குள் இருப்பது தீர்ப்பு வந்த ஆண்டு. வட்ட அடைப்புக்குள் இருப்பது அச்சுத் தொகுதியின் எண். தீர்ப்பு 5 அக்டோபர் 2007இல் வந்தது, அச்சில் ஏறியது 2008இல். புதிதாக வருகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான்: 2008 என்று நினைத்துக்கொண்டு அந்த ஆண்டின் 21ஆம் எண்ணைத் திறப்பார்கள், சம்பந்தமே இல்லாத வேறு தீர்ப்பு வந்து நிற்கும். ஆண்டு முடியும் தறுவாயில் வரும் தீர்ப்புகள் பலவற்றுக்கும் இந்த இரட்டை ஆண்டு உண்டு.

இன்னொரு சறுக்கல் இதைவிட நுட்பமானது. சிறுநீரகம் செயலிழந்த டர்பன்காரர் ஒருவருக்கு அரசு மருத்துவமனை டயாலிசிஸ் கொடுக்க மறுத்தது சம்பந்தமான சூப்ரமணி வழக்கு எல்லாச் சட்ட மாணவர்களுக்கும் தெரியும். உயர் நீதிமன்றத் தீர்ப்பு 1998 (1) எஸ்.ஏ. 430 (டி). அரசமைப்பு நீதிமன்றத் தீர்ப்பு 1998 (1) எஸ்.ஏ. 765 (சி.சி.). பெயர் ஒன்று, ஆண்டு ஒன்று, தொகுதியும் ஒன்று. பக்க எண் மட்டும் வேறு. வக்கீல் எழுதித் தரும் வாதுரையில் 430 என்று போட்டுவிட்டு அரசமைப்பு நீதிமன்றம் சொன்னதை எழுதியிருந்தால் கண்ணுக்கு எதுவும் உறுத்தாது. சாஃப்லியில் [1997] இசட்.ஏ.சி.சி. 17ஐத் திறந்து, முகப்பில் எந்த நீதிமன்றம் என்று பார்த்தால்தான் பிடிபடும். அடைப்புக்குள் இருக்கும் 'டி' என்ற ஓர் எழுத்து டர்பனைக் குறிக்கிறது, 'சி.சி.' அரசமைப்பு நீதிமன்றத்தை. அந்த எழுத்தைத் தாண்டிப் போகிற கண் லா கிளார்க்குக்கு ஆகாது.

குவாசூலு-நட்டால் தீர்ப்புகளைத் தேடுகிறவர்கள் ஒரே பெட்டியோடு நின்றுவிடக் கூடாது. சாஃப்லியில் இந்த மாகாணத்துக்கு மூன்று பெட்டிகள், அதாவது தீர்ப்புத் தொகுப்புகள்: டர்பனுக்கு ஒன்று, பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு ஒன்று, மாகாணம் முழுமைக்கும் பொதுவாக ஒன்று. பழைய தீர்ப்புகள் பல அந்தப் பொதுப் பெட்டியில் கிடக்கின்றன. இந்து முறைப்படி மட்டும் நடந்து பதிவாகாத திருமணத்தில் உயிரோடிருக்கும் துணைக்கு வாரிசுரிமை உண்டு என்று 2008இல் சொன்ன கவுண்டர் எதிர் ராகவையா தீர்ப்பு (2009 (3) எஸ்.ஏ. 178 (டி)) டர்பன் அமர்வு தந்தது, ஆனால் டர்பன் பெட்டியில் தேடிப் பலனில்லை. 23 ஆகஸ்ட் 2013இல் உயர் நீதிமன்றங்களைப் புதிதாக ஒழுங்குபடுத்திய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது நீதிமன்றங்களின் பெயர்களும் மாறின. பெட்டிகளின் குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம். உயர் நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு சாஃப்லி போடும் எண், தீர்ப்பு அவர்களுக்கு வந்து சேர்ந்த வரிசையைப் பொறுத்தது. சிறிய எண் என்றால் முன்னால் வந்த தீர்ப்பு என்று எண்ணிவிட வேண்டாம். அபூர்வமாக ஒரே தீர்ப்பு இரண்டு எண்களில் ஏறியிருப்பதும் உண்டு. தேதியையும் வழக்கு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றைத் தள்ளிவிடலாம்.

பெயரை வைத்துத் தேடுவதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. தமிழ்க் காது உள்ளவர்களுக்கு இங்கே உதவியும் உண்டு, உபத்திரவமும் உண்டு. 1860இல் ட்ரூரோ கப்பல் வந்ததிலிருந்து, ஒப்பந்தக் கூலிகளின் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதிய குமாஸ்தாக்களின் கைவண்ணம் இன்றும் வழக்குத் தலைப்புகளில் நிற்கிறது. கவுண்டர் என்பது கோவெண்டர் என்றும் கவுண்டன் என்றும் இருக்கும். முதலி மூட்லியாகவும் முடாலியாகவும் இருப்பார். படையாச்சியின் கடைசி எழுத்துகள் இரட்டை 'ஈ'யில் முடியும், 'ஒய்'யில் முடியும், 'ஐ'யிலும் முடியும். முனிசாமி இரண்டு 'ஓ' போட்டும் எழுதப்படுவார், ஒரு 'யு' போட்டும் எழுதப்படுவார். மேலே சொன்ன ராகவையாவை நாம் சொல்கிறபடி 'ஜி.எச்.' போட்டுத் தட்டினால் வழக்கே இல்லை என்று சாஃப்லி சொல்லிவிடும். தலைப்பில் 'எச்' கடைசியில் இருக்கிறது, நடுவில் இல்லை. தேடுபொறிக்கு ஒலி தெரியாது, எழுத்துதான் தெரியும். ஒரு குடும்பப் பெயரைத் தேடும்போது குறைந்தது மூன்று எழுத்துக்கூட்டலாவது போட்டுப் பார்க்காமல் 'கிடைக்கவில்லை' என்று குறிப்பு எழுதக் கூடாது.

மறுபக்கத் தொல்லை: நாயுடு எதிர் நாயுடு, அரசு எதிர் பிள்ளை என்பவை கணக்கில்லாமல் வரும். அப்போது பெயரை விட்டுவிட்டு வழக்கு எண்ணைப் பிடிக்க வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் எண்ணின் கடைசியில் 'பி' இருக்கும். டர்பன் எண்ணின் முன்னால் 'டி' இருக்கும். அரசமைப்பு நீதிமன்ற எண் 'சி.சி.டி.' என்று தொடங்கும். மூக்குத்தி வழக்கு சி.சி.டி. 51/06. குடும்ப வழக்குகளிலும் குழந்தைகள் சம்பந்தப்பட்ட வழக்குகளிலும் பெயர்கள் முதலெழுத்தாகச் சுருக்கப்பட்டிருக்கும்; அங்கே வழக்கு எண்தான் ஒரே வழி.

மேல்முறையீட்டில் தலைப்பு புரண்டுவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. மேல்முறையீடு செய்தவர் பெயர் முன்னால் வரும். மூக்குத்தி வழக்கு கீழே நடந்தபோது பிள்ளை எதிர் கல்வி அமைச்சர் (2006 (6) எஸ்.ஏ. 363), மேலே போனபோது அமைச்சர் எதிர் பிள்ளை. சாஃப்லி இரண்டையும் கோத்துக் காட்டாது. நீங்களே கோத்துக்கொள்ள வேண்டும்.

இனி வாசிப்பு. ஒவ்வொரு தீர்ப்பும் இணையப் பக்கமாக இருக்கும். அதன் தலையில் மூலக் கோப்பை பி.டி.எஃப். ஆகவோ ஆர்.டி.எஃப். ஆகவோ இறக்கிக்கொள்ள இணைப்பு இருக்கும். இணையப் பக்கம் தேடுவதற்கு, பி.டி.எஃப். மேற்கோள் காட்டுவதற்கு. இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே பாதிப் பிழைகள் போய்விடும். காரணம் சொல்கிறேன். நீதிபதி வேர்டில் எழுதுகிறார். பத்தி எண்களை வேர்டே தானாகப் போடுகிறது. அது இணையப் பக்கமாக மாறும்போது சில தீர்ப்புகளில் எண்கள் உதிர்ந்துவிடுகின்றன, அல்லது நடுவில் மறுபடி 1 என்று தொடங்கிவிடுகின்றன. அதை எண்ணிப் பார்த்து 'பத்தி 34' என்று எழுதினால் அது உண்மையில் 37ஆக இருக்கும்.

அதைவிட ஆபத்தானது உள்தள்ளல் போய்விடுவது. முந்தைய தீர்ப்பிலிருந்து நாலு வரி எடுத்து, உள்ளே தள்ளி, மேற்கோள் குறி இல்லாமல் எழுதுவது நீதிபதிகளின் பழக்கம். இணையப் பக்கத்தில் அந்த நாலு வரியும் நீதிபதியின் சொந்த வாசகம் போலவே நேராக நிற்கும். வாதி தரப்பு சொன்னதைச் சுருக்கும் பத்திகளிலும் இதே கதைதான். 'நீதிமன்றம் இப்படிச் சொன்னது' என்று லா கிளார்க் எழுதுவார். சொன்னது தோற்றுப்போன வக்கீலாக இருப்பார். அடிக்குறிப்புகள் பக்கத்தின் கடைசிக்குப் போய்விடுவதால், எந்த வரி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று பார்க்கக் கீழேயும் மேலேயும் ஓட வேண்டும். பி.டி.எஃப்.இல் அது காலடியிலேயே இருக்கும்.

பழைய தீர்ப்புகளுக்கு வேறு கஷ்டம். பிளாஸ்கன்-எவன்ஸ் வழக்கை எடுத்துக்கொள்வோம். சாட்சி விசாரணை இல்லாமல் பிரமாணப் பத்திரங்களை வைத்தே நடக்கும் மனு வழக்குகளில் உண்மைகள் முரண்பட்டால் என்ன செய்வது என்பதற்கு எல்லோரும் அதைத்தான் காட்டுவார்கள். [1984] இசட்.ஏ.எஸ்.சி.ஏ. 51, 1984 (3) எஸ்.ஏ. 623 (ஏ). வாதுரைகளில் '634ஈ முதல் 635சி வரை' என்று இருக்கும். அது அச்சுத் தொகுதியின் பக்கமும் ஓரத்தில் அச்சடித்த எழுத்தும். அந்தக் காலத்தில் பத்தி எண் போடும் வழக்கம் இல்லை. சாஃப்லியில் இருப்பது தட்டச்சு செய்த மூலத்திலிருந்து வந்த வாசகம், அதில் 634ஆம் பக்கம் ஏது? வாசகத்தைச் சொல்லால் தேடிப் பிடிக்கலாம்; பக்க எண் சரிதானா என்று பார்க்க நூலகத்துத் தொகுதியோ கட்டணத் தளமோ வேண்டும். ஸ்கேன் செய்த பக்கங்களில் எழுத்துப் பிழைகளும் உண்டு. ஆங்கிலத்தில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டிக்கொண்டு 'எம்' ஆகிவிடுவது மிகச் சாதாரணம். சொற்றொடர் தேடலில் ஒன்றும் வராவிட்டால் சொற்றொடரைக் குறைத்துத் தேடுங்கள். நாலு சொல்லில் வராதது இரண்டு சொல்லில் வரும். சில பழைய தீர்ப்புகள் ஆஃப்ரிகான்ஸில் இருக்கும். வாதிக்கு 'ஐசர்', பிரதிவாதிக்கு 'ஃபெர்வீர்டர்' என்ற அளவாவது தெரிந்திருந்தால் யார் யாரோடு மோதுகிறார்கள் என்று புரியும்.

பத்தி எண் சரியாக இருந்தும் மேற்கோள் தப்பாகப் போகும் ஒரு வழி உண்டு. அரசமைப்பு நீதிமன்றத் தீர்ப்பில் பல நீதிபதிகள் தனித்தனியாக எழுதுவார்கள். பத்தி எண் மட்டும் தொடர்ந்து ஓடும். மரண தண்டனையை ஒழித்த மக்வன்யானே வழக்கில் ([1995] இசட்.ஏ.சி.சி. 3) 11 நீதிபதிகளும் தனித்தனியாக எழுதினார்கள். மூக்குத்தி வழக்கில் தலைமை நீதிபதி லங்காவின் தீர்ப்பு பெரும்பான்மை. நீதிபதி ஓ'ரீகன் ஒரு பகுதியில் மாறுபட்டார். சாஃப்லியில் சொல்லைத் தேடிப் பத்திக்கு நேராகக் குதிக்கிறவருக்கு இது யாருடைய குரல் என்று தெரியாது. திரையை மேலே தள்ளி, நீதிபதியின் பெயர் வரும் இடம் வரை போய்ப் பார்க்க வேண்டும். பிறகு யாரெல்லாம் உடன்பட்டார்கள் என்று எண்ண வேண்டும். சில நேரம் முதலில் நிற்கும் தீர்ப்பே சிறுபான்மையாக இருக்கும். முதல், இரண்டாம் என்பது வரிசை மட்டும், வெற்றி தோல்வி அல்ல.

சாஃப்லியின் மிகப் பெரிய குறை இனித்தான் வருகிறது. ஒரு தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அது சொல்லாது. கட்டணத் தளத்தில் சிவப்புக் கொடி நிற்கும் இடத்தில் இங்கே வெறுமை. 2005இல் வந்த வோல்க்ஸ் எதிர் ராபின்சன் ([2005] இசட்.ஏ.சி.சி. 2), திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்த துணைக்கு, இறந்தவரின் சொத்திலிருந்து ஜீவனாம்சம் கேட்கும் உரிமையை மறுத்தது. 31 டிசம்பர் 2021இல் புவான்யா வழக்கில் ([2021] இசட்.ஏ.சி.சி. 51) அதே நீதிமன்றம் அந்த நிலையைக் கைவிட்டது. சாஃப்லியில் வோல்க்ஸைத் திறந்தால் 2005இல் இருந்தபடியே கம்பீரமாக இருக்கும். ஓரத்தில் ஒரு சொல் எச்சரிக்கை கிடையாது.

இதற்கு மாற்றாகத் தலைப்புக்குப் பக்கத்தில் 'நோட்அப்', 'லாசைட்' என்று இரண்டு இணைப்புகள் இருக்கின்றன. முதலாவது சாஃப்லிக்குள்ளேயே இந்த மேற்கோள் வரும் ஆவணங்களைத் தேடும். இரண்டாவது இதைக் குறிப்பிட்ட வழக்குகளைப் பட்டியலாகத் தரும். இரண்டும் பயனுள்ளவை, இரண்டும் ஓட்டை. பின்னால் வந்த நீதிபதி அச்சுத் தொகுதி எண்ணை மட்டும் போட்டிருந்தால் நோட்அப்புக்கு அகப்படாது. ஆகவே நோட்அப் முடிந்ததும் எஸ்.ஏ. எண்ணை மேற்கோள் குறிக்குள் போட்டு ஒரு தடவை, வழக்கின் சுருக்கப் பெயரைப் போட்டு ஒரு தடவை தேடுங்கள். முடிவைத் தேதி வரிசையில் அடுக்கி, புதியதிலிருந்து பழையதுக்கு வாருங்கள். முரண்பட்டால் மேல் நீதிமன்றத்தின் புதிய தீர்ப்பு முதலில் கண்ணில் படும். உயர் நீதிமன்றத் தீர்ப்பு மேல்முறையீட்டுக்குப் போனதா என்று பார்க்க ஒரு வழி: மேல் தீர்ப்பின் முகப்பில் 'எங்கிருந்து மேல்முறையீடு' என்ற வரியும், பெரும்பாலும் கீழ் நீதிபதியின் பெயரும் இருக்கும். அந்த நீதிபதியின் பெயரையும் ஒரு தரப்பின் பெயரையும் சேர்த்துத் தேடினால் கிடைக்கும். நாடாளுமன்றச் சட்டத்தின் ஒரு பிரிவு செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தால் இன்னும் ஒரு படி. அரசமைப்பின் 172(2)(அ) பிரிவின்படி அரசமைப்பு நீதிமன்றம் உறுதி செய்யும் வரை அந்த ஆணைக்கு வலு இல்லை. உறுதி செய்த தீர்ப்பைக் கண்டுபிடிக்காமல் அந்தப் பிரிவு ஒழிந்தது என்று எழுதக் கூடாது.

இல்லாதது எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நீதிமன்றத்தில் வாய்மொழியாகச் சொல்லி முடித்த தீர்ப்புகள் பெரும்பாலும் வராது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத் தீர்ப்புகள் அரிது. சட்டங்களின் வாசகத்துக்கு சாஃப்லியை நம்ப வேண்டாம். திருத்தங்கள் ஏறியிருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் சட்டத் தொகுப்பையோ 'லா லைப்ரரி' தளத்தையோ பாருங்கள். அரசின் தளத்தில் இருப்பது பெரும்பாலும் சட்டம் நிறைவேறியபோது இருந்த வடிவம். வழக்கு நடந்த நாளில் சட்டம் எப்படி இருந்தது என்பதுதான் உங்களுக்கு வேண்டும், இன்று எப்படி இருக்கிறது என்பதல்ல. அரசமைப்பு நீதிமன்ற வழக்குகளில் வாதுரைகளும் மனுக்களும் வேண்டுமென்றால் அந்த நீதிமன்றமே நடத்தும் ஆவணத் தொகுப்புத் தளம் இருக்கிறது. சாஃப்லியில் புரியாத ஒரு பத்தி, வக்கீல் என்ன கேட்டார் என்று அங்கே படித்தால் புரிந்துவிடும்.

இந்தத் தளத்தின் மதிப்பு கடந்த சில ஆண்டுகளில் கூடிவிட்டதற்கு ஒரு காரணம் உண்டு. 2025 ஜனவரியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் ([2025] இசட்.ஏ.கே.இசட்.பி.எச்.சி. 2) வக்கீல் தரப்பு காட்டிய 9 வழக்குகளில் 2ஐத்தான் கண்டுபிடிக்க முடிந்தது என்று எழுதி, விவகாரத்தை வழக்கறிஞர் கவுன்சிலுக்கு அனுப்பியது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கற்பனையாகப் பின்னித் தரும் மேற்கோள்கள் அசலைப் போலவே இருக்கும்: சரியான அடைப்புக்குறி, சரியான சுருக்கெழுத்து, கேட்டது மாதிரி ஒரு பெயர். இலவசமாக ஒரு நிமிடத்தில் சோதித்துப் பார்க்கக்கூடிய இடம் சாஃப்லிதான். ஆனால் சாஃப்லியில் இல்லை என்பதால் மட்டும் வழக்கே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. பழையதாகவோ அனுப்பப்படாததாகவோ இருக்கலாம். வரிசை இப்படி இருக்கட்டும்: எண்ணைத் திறந்து பாருங்கள், அங்கே வேறு வழக்கு இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள், பெயரை மூன்று எழுத்துக்கூட்டலில் தேடுங்கள், அச்சுத் தொகுதியில் அந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள், அதன் பிறகு, மேற்கோள் காட்டிய வக்கீலிடமே நகல் கேட்கும்படி ரெஜிஸ்ட்ராருக்குச் சொல்லுங்கள். எண் இருக்கிறது, ஆனால் அங்கே வேறு வழக்கு இருக்கிறது என்றால் சந்தேகம் வலுக்கிறது. எண்ணே இல்லை என்றால் தட்டச்சுப் பிழையாகவும் இருக்கலாம். அசல் வழக்கு, அசல் எண், ஆனால் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எழுதியிருப்பதுதான் பிடிக்கக் கடினம். பத்தியைத் திறந்து படிப்பதைத் தவிர அதற்குக் குறுக்கு வழி இல்லை.

நேரக் கணக்குச் சொல்ல வேண்டுமென்றால், பழகிய கைக்கு ஒரு மேற்கோளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஒதுக்குவது நியாயம்: திறக்க, முகப்பைப் பார்க்க, பத்தியைப் படிக்க, குரல் யாருடையது என்று பார்க்க, பின்கதையைத் தேட. 40 மேற்கோள் உள்ள வரைவுக்கு ஏறக்குறைய ஒரு முழு வேலை நாள், சில நேரம் அதற்கும் மேல். நாளை காலை தீர்ப்பு என்னும்போது இன்று மாலை தொடங்கக் கூடாது. தளம் திணறும் நாட்களும் உண்டு. வழக்கு கைக்கு வந்த அன்றே பி.டி.எஃப்.களை இறக்கி, வழக்கின் சுருக்கப் பெயர், ஆண்டு, நீதிமன்ற எழுத்து என்ற வரிசையில் பெயரிட்டு ஒரு கோப்புறையில் வைத்துக்கொள்வது நல்லது.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால்: கண்டுபிடிப்பதற்கு நாலரை, வாசிப்பதற்கு மூன்று, தீர்ப்பின் உயிரைச் சோதிப்பதற்கு ஒன்றரை. கட்டணத் தளம் கையில் இருக்கும் நீதிமன்றத்தில் சாஃப்லியில் தொடங்கி அங்கே முடிக்கலாம். இல்லாத இடத்தில் மேலே சொன்ன மூன்று தேடல்களும் கட்டாயம்.

குறைகளில் பாதி தளத்துடையதல்ல, அனுப்புகிறவர்களுடையது. தீர்ப்பை வெளியே அனுப்பும் ரெஜிஸ்ட்ரார் சில காரியங்களைச் செய்தால் மேலே புலம்பியவற்றில் பல வராது. கையெழுத்திட்ட ஸ்கேனை மட்டும் அனுப்பாமல் வேர்டு கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். தானியங்கிப் பத்தி எண்களைச் சாதாரண எழுத்தாக மாற்றிவிடுங்கள். உள்தள்ளிய மேற்கோள்களுக்குக் குறியும் போடுங்கள். முகப்பில் வழக்கு எண், விசாரித்த தேதி, தீர்ப்புத் தேதி மூன்றும் இருக்கட்டும். அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, குழந்தைகளின் பெயர் ஆகியவற்றை நீங்களே முதலில் எடுத்துவிடுங்கள். தலைப்பில் எடுத்துவிட்டு 17ஆம் பத்தியில் விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடப்பது. திருத்திய தீர்ப்பை அனுப்பினால் 'திருத்தியது' என்று முகப்பில் எழுதி, பழையதை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்ணில் நிற்கும், அடுத்த ஆண்டு வருகிற லா கிளார்க் தவறானதைத்தான் முதலில் திறப்பார்.